ஒரு பட்டறையால் முடியாததை ஐந்து பட்டறைகள் சேர்ந்து சொல்லிக்கொடுக்கலாம்: ஊரளவில் தொழிற்பயிற்சிக் கூட்டமைப்பு தொடங்குவது எப்படி

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. ஐடிஐயில் இரண்டு வருடம் டர்னர் படித்துத் தேறிய பையன் ஒருவன் அங்கே பழகுநராக (அப்ரண்டிஸாக)ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "என்ன வேலை பழகியிருக்கே?" என்று கேட்டேன். "புஷ் கடையறேன் சார்" என்றான். வேற? "புஷ்தான் சார்." (புஷ் என்பது ஷாஃப்ட்டுக்கு உறையாகப் பொருத்தும் சின்ன உலோகக் குழாய்.) மேஜையில் கிடந்த ஒரு ஷாஃப்ட் துண்டையும் 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியையும் எடுத்துக் கொடுத்து அளக்கச் சொன்னேன். அளவாக அழுத்தும் ராட்செட் பிடியைத் தொடாமல், அளவு குறித்த திம்பிள் உருளையையே பிடித்து இறுக்கினான், அப்புறம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 7.38 என்றான். 32.38 என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மைக்ரோமீட்டரின் அளவு 25-லிருந்து தொடங்குகிறது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. எட்டு மாதமாக அவன் கையில் இருந்தது கோ–நோகோ கேஜ் மட்டும். ஒரு முனை நுழைந்தால் சரி, மறுமுனையும் நுழைந்தால் கழிவு, அவ்வளவுதான்.

அந்தப் பட்டறை முதலாளி நல்ல மனிதர். பையனுக்கு உதவித்தொகை தேதி தவறாமல் கொடுத்தார், மத்தியானச் சாப்பாடும் போட்டார். ஆனால் அவருக்கு வருவதே புஷ் ஆர்டர்தான். தன்னிடம் இருக்கும் வேலையைத்தானே அவர் சொல்லிக்கொடுக்க முடியும்?

கோவை மாதிரி ஊர்களில் தொழில் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. ஒரு பம்ப்செட்டை எடுத்துக்கொண்டால் வார்ப்பு ஒரு ஃபவுண்டரியில், கடைசல் இன்னொரு இடத்தில், ஷாஃப்ட் வேறொரு தெருவில், வைண்டிங் ஒருவர், அசெம்பிளியும் டெஸ்ட்டிங்கும் இன்னொருவர். பெரிய கம்பெனியில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் எல்லாப் பிரிவும் இங்கே ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, அரசூர் என்று சிதறியிருக்கிறது. பெரிய கம்பெனிப் பழகுநரைப் பிரிவு பிரிவாக மாற்றி மாற்றிப் பழக்குவார்கள், நம் ஊர்ப் பையனைத் தெருத் தெருவாக மாற்றிப் பழக்க வேண்டும். அதை எப்படி ஏற்பாடு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐடிஐயில் புதிதாகப் பயிற்சி அலுவலராக வந்தவர்கள், தொழில்முனைவோர் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், நாலைந்து லேத் வைத்துக்கொண்டு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள், உங்களில் யார் வேண்டுமானாலும் இதை ஆரம்பிக்கலாம். நான் கோவையை வைத்துச் சொல்வது எனக்குப் பழக்கமான இடம் என்பதால்தான். ஓசூரோ சிவகாசியோ ஆம்பூரோ, சிறு தொழில்கள் கொத்தாக இருக்கும் எந்த ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "ஒரு பட்டறையில் பதிந்த பையனை இன்னொரு பட்டறைக்கு அனுப்பலாமா, சட்டச் சிக்கல் வராதா?" என்று பலரும் கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் படியுங்கள். பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, தங்களிடம் உள்ள பழகுநர்களைத் தங்கள் நிறுவனங்களுக்குள் இடம் மாற்றிச் செய்முறைப் பயிற்சி தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோது, இதைத் தாங்களாகவும் செய்யலாம், பழகுநர் ஆலோசகர் (இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அதிகாரி) ஒப்புதல் தந்த ஒரு முகமை மூலமாகவும் செய்யலாம் என்று இன்னும் தெளிவாக்கினார்கள். ஜெர்மனியின் தொழிற்பயிற்சியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், அங்கேயும் எல்லாமே பெரிய கம்பெனிகள் இல்லை. சிறு நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழகுநரை முழுமையாக்கும் வழக்கம் அங்கே உண்டு, 2005-ல் திருத்திய அவர்கள் சட்டத்திலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. நம் சட்டமும் அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது, அதன் வழியாகப் போகிறவர்கள்தான் குறைவு.

ஒரே தொழில், ஒரே பஸ் ரூட்

சரி, எங்கே தொடங்குவது? ஒரு தொழிலை மட்டும் எடுங்கள். டர்னர், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று எல்லாவற்றையும் முதல் வருடமே தூக்கிப் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறிய முயற்சிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் எந்த வேலைக்கு ஆள் பஞ்சம் அதிகமோ, எந்தப் பிரிவு பக்கத்து ஐடிஐயில் நன்றாக நடக்கிறதோ, இரண்டும் சந்திக்கும் இடம்தான் உங்கள் தொழில்.

எல்லையை மாவட்டக் கணக்கில் போடாதீர்கள், பஸ் ரூட் கணக்கில் போடுங்கள். சூலூரிலிருந்து வரும் பையனை இரண்டு மாதத்துக்கு மலுமிச்சம்பட்டிக்கு மாற்றினால் தினமும் இரண்டு பஸ் மாறி எட்டரை மணி ஷிஃப்ட்டுக்கு வந்து சேர வேண்டும். பத்து நாள் வருவான். அப்புறம் காய்ச்சல் என்பான், அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டான். சோம்பேறி என்று அவன் மேல் பழி போடுவது சுலபம். மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய பட்டறைகளை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். ஐந்து கிடைத்தாலும் போதும்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால், கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன், பட்டறையில் கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். "எல்லாம் இருக்குங்க" என்று போனில் சொல்வதை நம்பி அனுப்பிவிட்டு, முதல் வாரத்திலேயே ஒரு பெண் பயிற்சியை விட்டுப் போனதைப் பார்த்தவன் நான். அந்தப் பெண்ணின் அப்பாவை மறுபடி ஒப்புக்கொள்ள வைக்க என்னால் முடியவில்லை.

சார்ட் பேப்பரும் பென்சிலும்

எனக்குத் தெரிந்து கூட்டமைப்பின் உயிரே இந்த வேலையில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்குங்கள். இடது ஓரத்தில் அந்தத் தொழிலின் பாடத்திட்டத்தில் உள்ள வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். டர்னர் என்றால் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், போரிங், டேப்பர் (சரிவாகக் கடைவது), வெளி மரை, உள் மரை, நாலு தாடைச் சக்கில் டயல் வைத்து சென்டர் பிடிப்பது, ஸ்டெடி வைத்து நீள ஷாஃப்ட் கடைவது, எக்சென்ட்ரிக் (மையம் விலக்கிக் கடைவது), டூல் தீட்டுவது, டிராயிங் படிப்பது, சிஎன்சியில் (கணினி இயக்கும் மெஷினில்) ஆஃப்செட் போடுவது, மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பராமரிப்பது என்று போகும். மேலே வரிசையாகப் பட்டறைகளின் பெயர்கள். ஒவ்வொரு பட்டறையிலும் உண்மையில் என்ன வேலை நடக்கிறதோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் டிக் போட வேண்டும்.

இதை போனிலோ, படிவம் அனுப்பியோ செய்யாதீர்கள். "உங்களால் என்னென்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கேட்டால் எல்லாருமே "எல்லாம் முடியும்" என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்ல நினைத்து அல்ல, அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால். நீங்கள் கேட்க வேண்டியது "போன வாரம் என்னென்ன ஜாப் ஓடிச்சுங்க?" என்பது. பேசிக்கொண்டே சுவரோரம் அடுக்கியிருக்கும் முடிந்த உருப்படிகளைப் பாருங்கள், கழிவுத் தொட்டியை எட்டிப் பாருங்கள். தொட்டியில் ஒரே மாதிரிச் சுருள் கிடந்தால் ஒரே மாதிரி வேலைதான் நடக்கிறது. வார்ப்பிரும்புத் தூள், எஃகுச் சுருள், பித்தளைச் சீவல் எல்லாம் கலந்து கிடந்தால் அந்தப் பட்டறை பையனுக்குப் பல பொருள்களைக் காட்டும் இடம். பழகிய கண்ணுக்கு அந்தத் தொட்டியே ஒரு விண்ணப்பப் படிவம்.

எட்டுப் பட்டறைகள் பார்த்து முடித்ததும் சார்ட்டைத் தள்ளி நின்று பாருங்கள். சில வரிசைகளில் டிக் நிறைந்திருக்கும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். சில வரிசைகளில் ஒன்றோ இரண்டோ டிக் இருக்கும், அந்தப் பட்டறைகள்தான் உங்களுக்குத் தங்கம், அவற்றை எப்படியாவது கூட்டமைப்புக்குள் கொண்டுவர வேண்டும். சில வரிசைகள் முழுக் காலியாக இருக்கும். டேப்பரும் எக்சென்ட்ரிக்கும் நான் பார்த்தவரை பெரும்பாலும் காலிதான், ஏனென்றால் அந்த வேலைகள் ஜாப் ஒர்க்கில் (பிறர் ஆர்டருக்குச் செய்துகொடுக்கும் வேலையில்) அடிக்கடி வருவதில்லை. அந்தக் காலி வரிசைகளை ஐடிஐயிடம் கேளுங்கள்: சனிக்கிழமைகளில் உங்கள் பட்டறைக்கூடத்தைத் திறந்து எங்கள் பழகுநர்களுக்கு இந்த நாலு வேலையை மட்டும் பழக்குவீர்களா என்று. "தொழில் நிறுவனங்களோடு இணைந்து செயல்படுவோம்" என்ற பொதுப் பேச்சுக்குப் பதிலாக இப்படிக் குறிப்பான ஒரு கேள்வியோடு போனால் முதல்வரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பேசுவார். என் அனுபவம் அப்படி.

இந்தச் சார்ட் இல்லாமல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடாதீர்கள். சால்வை, போட்டோ, பேனர் எல்லாம் முடிந்து ஒப்பந்தக் கோப்பு பீரோவுக்குள் போனபின், எந்தப் பையன் எந்தத் திங்கட்கிழமை எங்கே போக வேண்டும் என்று யாருக்குமே தெரியாமல் நிற்கும் நிலை வந்துவிடும்.

முதலாளிகளிடம் பேசுவது

முதல் கூட்டத்துக்கு எல்லாரையும் ஒரே அறைக்குக் கூப்பிடாமல், முதலில் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு முன்பும், சம்பள நாளிலும், கரண்ட் போன நேரத்திலும் போகாதீர்கள். நாலு மணி டீ நேரம் நல்லது.

பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பயம்தான். ஒரு பெரியவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "தம்பி, நான் பையனை ஆளாக்கி வுடுவேன். அடுத்த தெருக்காரன் ரெண்டாயிரம் சேர்த்துக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான். எனக்கு என்னங்க மிச்சம்?" நியாயமான பயம், அதை மழுப்பாதீர்கள். பழகுநர் காலம் முடிந்தபின் பையன் எங்கே வேலைக்குச் சேர வேண்டும் என்று யாரும் அவனைக் கட்டிப்போட முடியாது, கட்டிப்போடவும் கூடாது. ஆனால் கூட்டமைப்பில் இருக்கும் பட்டறைகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்: பயிற்சிக் காலம் முடியும்வரை யாரும் யாருடைய பழகுநரையும் வேலைக்கு அழைப்பதில்லை, முடிந்ததும் எல்லாருமே ஒரே நாளில் அவனிடம் வெளிப்படையாகச் சம்பளம் சொல்லலாம், எங்கே போவது என்பது அவன் முடிவு. அந்தப் பெரியவரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன்: "இப்போ உங்ககிட்ட இருக்கிற நாலு ஆப்பரேட்டரும் எங்கே பழகினாங்க?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்று பேர் வேறு வேறு பட்டறையில் பழகி வந்தவர்கள் என்றார். ஊர் முழுக்கப் பழக்கிவிட்ட ஆள்களைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெளிவானது. அடுத்த வாரம் இரண்டு பையன்களைக் கேட்டு அவரே கூப்பிட்டார்.

அடுத்த பயம் கழிவும் காயமும். "பையன் டூலை மோதிவிட்டால், கையை விட்டுவிட்டால்?" பழகுநர்களுக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்பு, நலன் விதிகள் பொருந்தும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. இடம் மாறும்போது எந்தப் பட்டறையில் இருக்கும் நாள்களுக்கு யார் பொறுப்பு, காப்பீடு யார் எடுப்பது என்பதை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசுவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

காகித வேலை, சுருக்கமாக

புதிதாக வருகிறவர்கள் இரண்டு ஏற்பாடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஐடிஐயில் படித்துக்கொண்டிருக்கும்போதே சில மாதம் தொழிற்சாலையில் பழகுவது இரட்டைப் பயிற்சி முறை. ஒரு வருடப் படிப்பு என்றால் 3 முதல் 6 மாதம், இரண்டு வருடப் படிப்பு என்றால் 6 முதல் 12 மாதம் தொழிற்சாலையில் இருக்கலாம், அதற்கு ஐடிஐக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். படிப்பு முடிந்தபின் பதிவு செய்த ஒப்பந்தத்தோடும் உதவித்தொகையோடும் சேர்வது பழகுநர் பயிற்சி. நான் இங்கே பேசும் சுழற்சி இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் காகிதம் வேறு வேறு.

2019-ல் மாற்றிய பழகுநர் விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைக்கு அது விருப்பம். எடுக்கும் எண்ணிக்கை மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கலாம். 2016-ல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 2023-லிருந்து அந்தப் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகிறது. அதனால் ஆதாரோடு இணைந்த கணக்கு இருக்கிறதா என்று சேரும் அன்றே பாருங்கள். குறைந்தபட்ச உதவித்தொகை அவ்வப்போது மாறும், ஒப்பந்தம் போடும் நாளில் அரசின் பழகுநர் இணையதளத்தில் (போர்டலில்) என்ன இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பட்டறைக்காரர் போர்டலில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருக்க மாட்டார், அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. இதற்குத்தான் மூன்றாம் தரப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற ஏற்பாடு இருக்கிறது. பல பட்டறைகளின் பதிவு, ஒப்பந்தம், வருகை வேலைகளை ஒரே அமைப்பு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்ச் சங்கம் அந்தப் பொறுப்பை எடுத்தால் கூட்டமைப்பின் பாதிச் சுமை குறைந்த மாதிரி. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்த்து, 8-ஆம் பிரிவின்படி சுழற்சி முறையில் பயிற்சி தரப்போகிறோம் என்று எழுத்தில் கொடுத்து, என்ன ஒப்புதல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சார்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழகுநருக்குப் பீஸ் கணக்கில் கூலி போடக் கூடாது, அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆலோசகர் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைமும் வாங்கக் கூடாது. பீஸ் கணக்கு வந்துவிட்டால் பையன் புதிதாக ஒன்றைப் பழகுவதை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒன்றையே வேகமாகச் செய்ய ஆரம்பித்துவிடுவான். மறுபடியும் புஷ் கதைதான்.

சுழற்சி, பயிற்சி நோட்டு, மேஸ்திரி

ஐடிஐ முடித்து வருகிறவருக்குப் பெரும்பாலான தொழில்களில் ஒரு வருடப் பயிற்சி. அதை இப்படிப் பிரித்தால் சரியாக வருகிறது: ஒப்பந்தம் போட்ட தாய்ப் பட்டறையில் முதல் நாலு மாதம், அப்புறம் வேறு மூன்று இடங்களில் இரண்டிரண்டு மாதம், கடைசி இரண்டு மாதம் மறுபடி தாய்ப் பட்டறை. இரண்டு மாதத்துக்குக் குறைவாக எந்த இடத்திலும் வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மெஷினுக்கும் ஆட்களுக்கும் பழகவே போய்விடும், மேஸ்திரிக்கும் சொல்லிக்கொடுக்க மனசு வராது. உதவித்தொகையைத் தாய்ப் பட்டறையே கொடுக்க வேண்டும் என்று வைத்தால் கணக்கு எளிது. நீங்கள் ஒரு பையனை அனுப்பினால் பதிலுக்கு உங்களுக்கு ஒரு பையன் வருவான் என்பதால் யாருக்கும் கை குறையாது.

மாற்றும் மாதத்தைத் தொழிலின் பருவம் பார்த்து வையுங்கள். கோடையை ஒட்டிப் பம்ப் ஆர்டர் நெருக்கும்போது புதுப் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவனை ஓரமாக உட்காரவைத்துப் பர் (விளிம்புப் பிசிறு) நீக்கும் வேலையைத்தான் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு பையன் கையிலும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எண்ணெய்க் கையோடு திறக்கக்கூடியது நோட்டுதான். சார்ட்டில் உள்ள அதே வேலைகள் அதில் பக்கம் பக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வேலையின் சின்னப் படம், டிராயிங்கில் கேட்ட அளவு, தான் எடுத்த அளவு, எந்த மெஷின், எந்த டூல், எங்கே தப்பினான் என்று அவன் கையெழுத்தில் இருக்க வேண்டும், கீழே மேஸ்திரியின் கையெழுத்து. மேஸ்திரி "நன்று", "சுமார்" என்று போடுவதால் பிரயோஜனம் இல்லை. "இவன் தனியாகச் செய்தான்", "நான் கூட நின்றேன்", "பார்க்க மட்டும் செய்தான்", இந்த மூன்றில் ஒன்றுக்கு டிக் போட்டால் போதும். பையன் அடுத்த பட்டறைக்குப் போனதும் அங்கே இருக்கும் மேஸ்திரி அந்த நோட்டைப் புரட்டுவார், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத இரண்டு மேஸ்திரிகள் ஒரு நோட்டு வழியாகப் பேசிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோகும். ஒருமுறை ஒரு பக்கத்தின் ஓரத்தில் "மரை வெட்டும்போது அவசரப்படறான், பொறுமையா நிக்கச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே அடுத்த பட்டறைக்காரர், இரண்டு மாதம் கழித்து, "இப்ப பரவால்ல" என்று எழுதியிருந்தார்.

மேஸ்திரிகளைத் தனியாகக் கவனியுங்கள். பயிற்சி தருவது அவர்கள், நன்றி வாங்குவது முதலாளிகள் என்று ஆகிவிடக் கூடாது. பையன் பக்கத்தில் நிற்கும் நேரத்தில் அவருடைய உற்பத்தி குறையும், அதை முதலாளி முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும், முடிந்தால் மாதம் ஒரு சின்னத் தொகையும் தர வேண்டும். இருபது வருட அனுபவம் இருந்தும் ஒரு சான்றிதழ்கூட இல்லாத மேஸ்திரிகள் நிறையப் பேர். முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டத்தில் அவர்களுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொடுங்கள். ஃபவுண்டரிகளில் இப்போது நல்ல மோல்டர்கள் (வார்ப்பு அச்சு செய்பவர்கள்) பலர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் பழகும் பையனுக்கு நாலு இந்தி வார்த்தை தெரிந்தால் போதும், கை பார்த்துக் கற்கும் வேலைதானே. அவர்களையும் பயிற்சியாளராக மதித்து நோட்டில் கையெழுத்துப் போடவையுங்கள்.

அப்புறம், ஐடிஐ ஆசிரியர்களையும் வருடத்தில் இரண்டு வாரம் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேற்பார்வைக்கு வந்து போகாமல், மெஷினில் நின்று வேலை செய்ய வேண்டும். பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் முடியாது, ஆனால் எந்த உதாரணத்தை வைத்து நடத்துவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. ஆவாரம்பாளையத்தில் இரண்டு வாரம் நின்றுவிட்டு வந்தவர் ஷாஃப்ட் கடையச் சொல்லிக்கொடுக்கும்போது கிரைண்டர் ஷாஃப்ட்டையே கொண்டுவந்து வைப்பார்.

யாராலும் தனியாக வாங்க முடியாத மெஷின்

கூட்டமைப்பு இருந்தால் கிடைக்கும் பெரிய பலன் இது. ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும் சிஎன்சி மெஷினையோ ரோபோ வெல்டிங்கையோ ஒரு சின்னப் பட்டறை பயிற்சிக்கென்று வாங்கவே முடியாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 (கணினியும் ரோபோவும் சேர்ந்த புதுத் தொழில்நுட்ப) மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். உங்கள் பஸ் ரூட்டில் அப்படி ஒன்று இருந்தால் உங்கள் சார்ட்டின் காலி வரிசைகளில் சிலவற்றை அங்கே நிரப்ப முடியும், அந்த மையத்துக்கும் உண்மையான ஜாப் கொண்டுவரும் ஆட்கள் தேவை. மத்திய அரசு 2025-ல் ஒப்புதல் தந்த 60,000 கோடி ரூபாய்த் திட்டமும் இதே வடிவம்தான். 1,000 அரசு ஐடிஐகளில் 200 மையமாகவும், அவற்றைச் சுற்றி 800 கிளையாகவும் இருக்கும், நிர்வாகத்தில் தொழில் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு முன்பே, 2007–08-ல், 1,396 அரசு ஐடிஐகளுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, தொழில்துறையினர் தலைமையில் நிர்வாகக் குழு அமைத்தார்கள். உங்கள் ஐடிஐயிலும் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குழு இருந்தால் புதிதாக ஒரு அமைப்பைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, உங்கள் சார்ட்டை அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைத்தாலே போதும்.

கோவைக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. பம்ப்களைச் சோதிக்க ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆய்வகம் கட்ட முடியாது என்பதால்தான் 1987-ல் சிட்டார்க் என்ற பொதுச் சோதனை மையம் வந்தது. சோதனைக்குக் கூட்டாகச் சேர்ந்தவர்கள் பயிற்சிக்கும் சேரலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், மூத்தவர்கள் தலையாட்டுவார்கள்.

போன் எடுக்கும் ஆள்

மேலே சொன்ன எல்லாமே ஒரு ஆளை நம்பித்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பையன் வரவில்லை என்றால் யார் அவன் வீட்டுக்கு போன் போடுவது? மேஸ்திரி திட்டிவிட்டார் என்று அழுதால் யார் போய்ப் பேசுவது? கௌரவச் செயலாளரால் இது ஆகாது, அவருக்குத் தன் பட்டறை இருக்கிறது. பாதி நாள் வேலைக்காவது சம்பளம் கொடுத்து ஒருவரை வையுங்கள். பத்துப் பட்டறைகள் ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் போட்டால் 15,000 ஆகிறது, ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியரோ தொழில் தெரிந்த ஒரு பெண்மணியோ பாதி நாள் வேலைக்குக் கிடைப்பார். முதல் வருடத்தை மானியத்தை நம்பித் தொடங்காதீர்கள். திட்டங்கள் வரும், முடியும். உலக வங்கிக் கடனுதவியோடு வந்த 2,200 கோடி ரூபாய் ஸ்டிரைவ் திட்டத்தில் பழகுநர் பயிற்சிக்காகத் தொழில் குழுமங்களுக்கே நேரடியாக நிதி கொடுத்தார்கள். அந்த மாதிரி வாய்ப்பு மறுபடி வரும்போது, சார்ட்டும் நோட்டும் ஒரு வருடக் கணக்கும் கையில் இருந்தால் நீங்கள்தான் வரிசையில் முதலில் நிற்பீர்கள்.

இந்த ஆள் மாதம் ஒருமுறை எல்லா நோட்டையும் புரட்டிப் பார்த்து, எந்தப் பக்கங்கள் எல்லாருக்குமே காலியாக இருக்கின்றன என்று சார்ட்டில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை முதலாளிகள், மேஸ்திரிகள், ஐடிஐ ஆசிரியர் எல்லாரும் ஏதாவது ஒரு பட்டறையிலேயே கூடுங்கள். ஹோட்டல் ஹால் வேண்டாம், மெஷின்களுக்கு நடுவில் நாற்காலி போட்டால் பேச்சு வேலையை விட்டு வெளியே போகாது. சிவப்பு மை விழுந்த வரிசைகளை மட்டும் பேசுங்கள், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாவது வருடம் ஆட்களைக் கூட்டுவதா, தொழிலைக் கூட்டுவதா என்று கேள்வி வரும். முதல் குழுவில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேராவது வருடத்தை முழுதாக முடித்து, தேர்வு எழுதி, தேசியப் பழகுநர் சான்றிதழ் வாங்கினார்களா என்று முதலில் பாருங்கள். வாங்கியிருந்தால் அதே பட்டறைகளை வைத்து அடுத்த தொழிலை எடுங்கள், டர்னருக்கு அப்புறம் மெஷினிஸ்ட் சுலபமாக வரும், பாதி சார்ட் அதேதான். வாங்கவில்லை என்றால் எதையும் கூட்டாதீர்கள். பாதியில் நின்ற ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவனுடைய நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் என்ன நடந்தது என்று அவனிடமே கேளுங்கள்.